விளக்குச்சாமியின் நான்காம் புத்தகம்

நம் பாடசாலை வட்ஸ்அப் குழுவில் நேற்றுக் காலை ஒருவர் ஒரு செய்தி போட்டிருந்தார். பார்த்திருப்பீர்கள். பாதிப்பேர் கைகூப்பும் படமும் போட்டாகிவிட்டது. மந்திரம், மாயம், பேசும் மிருகம் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் படிக்கிற கதைப்புத்தகங்களால்தான் அதுகளுக்குச் சாமி நம்பிக்கை இல்லாமல் போகிறதாம். ஆகவே பெற்றோரே, பிடுங்கி வையுங்கள். எழுதியவர் யாரென்று அனுப்பியவருக்கே தெரியாது. ஆனாலும் முட்டி தேய்ந்து மாத்திரைப் பெட்டியோடு அலைகிற நாமெல்லாம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறோம். எனக்கு வந்த எரிச்சலில் ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது.

குழுவில் எழுதினால் நீளம் என்று யாரும் வாசிக்கமாட்டீர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். ஒரு பிள்ளையின் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். உங்களில் சிலரும் அன்று கோயில் வாசலில் நின்றிருந்தீர்கள். மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

எனக்கு அப்போது பதினொரு வயது. லிந்துலைக்கு மேலே நம் தேயிலைத் தோட்டம். அக்கா என்று நான் சொல்வது பெரியம்மாவின் மூத்த மகளை. என்னைவிட இரண்டு வயது கூட. லயத்து வரிசையில் எங்கள் ஒற்றையறைக் காம்பராவுக்கு அடுத்த காம்பரா அவர்களுடையது. நடுவில் கூரைவரை எட்டாத ஒரு சுவர். அங்கே இருமினால் இங்கே தூக்கம் கலையும். அவளுடைய தம்பி பிறந்த வருடம் அக்காவின் படிப்பு நின்றது. பெரியம்மா கொழுந்தெடுக்கப் போகவேண்டும், பெரியப்பாவுக்குத் தேயிலை ஸ்டோரில் வேலை. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் விட்டால் தம்பி அழுது அழுது மூச்சடைத்துப் போவான். அப்படியே அவன் அக்காவின் இடுப்புக்கு வந்து சேர்ந்தான். இரண்டு வருடம் இறங்கவேயில்லை. பீலியில் தண்ணீர் பிடிக்கும்போதும் அவன் இடுப்பில்தான், விறகு பொறுக்கும்போதும் இடுப்பில்தான். அவளுடைய பாவாடையின் இடப்பக்கம் எப்போதும் ஈரமாகவே இருக்கும்.

அக்காவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆகவே பாடசாலை விட்டு வந்ததும் நான் வாசிப்பேன், அவள் கேட்பாள். பெரியம்மா வீட்டு அடுப்படியில், விறகு அடுக்கின்மேல் உட்கார்ந்துகொள்வோம். கொடியில் காயும் கம்பளியிலிருந்து ஆட்டு வாடையும் புகை வாடையும் வரும். தம்பி எட்டி எட்டிப் பக்கத்தைப் பிடிப்பான். முதல் புத்தகத்தின் மூலைகளை எல்லாம் அவன்தான் சப்பித் தீர்த்தான்.

புத்தகங்கள் டவுனிலிருந்து வந்தவை. பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே பலசரக்குக் கடை வைத்திருந்தாரே முஸ்லிம் நானா, அவர் சாமான் சுற்றிக் கொடுக்கக் கொழும்பிலிருந்து பழைய கடதாசியை மூட்டை மூட்டையாக எடுப்பார். அதில் படம் போட்ட சிறுவர் புத்தகம் ஏதும் வந்தால் கிழிக்க மனம் வராது. கருவாட்டு மூட்டைக்கு மேலே ஒரு பலகையில் அடுக்கி வைத்திருப்பார். கேட்கிற பிள்ளைக்கு இரவல் கொடுப்பார். எங்களுக்குக் கிடைத்த தொடரில் நான்கு புத்தகங்கள். ஒன்றுக்கும் அட்டை கிடையாது. என்ன பெயர், யார் எழுதியது, எதுவும் தெரியாது. எல்லாவற்றிலும் கருவாட்டு மணம். நாங்களாக வைத்த பெயர்தான் விளக்குச்சாமி புத்தகம்.

கதை இதுதான். ஆறுகள் மேல்நோக்கி ஓடுகிற ஒரு நாடு. மூடுபனி எங்கிருந்து புறப்படுகிறது என்று கண்டுபிடிக்க மூன்று பிள்ளைகள் கிளம்புகிறார்கள். துணைக்கு ஓர் இளம் சாமியார். அவர் கையில் ஒரு விளக்கு. எதைக் கேட்டாலும் அவருடைய கடவுள் அந்தச் சுடரில்தான் பதில் சொல்வார். சுடர் இடப்பக்கம் சாய்ந்தால் ஆம், வலப்பக்கம் சாய்ந்தால் இல்லை. முதல் புத்தகத்தில் அந்த மனிதர் சரியான தொந்தரவு. கல்லு ராட்சதன் துரத்தி வருகிறான். இவர் நின்று விளக்கைக் கேட்கிறார், இடப்பக்கம் ஓடலாமா என்று. பேசும் ஆடு ஒன்று பொறுமையிழந்து அவரை முட்டித் தள்ளிக்கொண்டு போகும். அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள். நம் கோயில் கமிட்டித் தலைவர் மாதிரியே இருக்கிறார் என்பாள். அவர் தோட்டத்தில் பெரிய கங்காணியாகவும் இருந்தவர், ஞாபகம் இருக்குமே. தும்மினாலும் கோயில் அம்மாளைக் கேட்டுத்தான் தும்முவார்.

இரண்டாம் புத்தகத்தில் சுடர் சாய்வதை நிறுத்திவிட்டது. எதைக் கேட்டாலும் நேராக நிற்கும். விளக்குச்சாமிக்குப் பயம் வந்துவிட்டது. ஆனால் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. இடப்பக்கம் சாய்ந்தது என்று பொய் சொல்லி அவர்களை நடத்திக்கொண்டு போனார். அந்த இடத்தில் அக்கா சிரிக்கவில்லை. "பாவம்டி, அவரு யாருகிட்ட போயி கேப்பாரு" என்றாள்.

அந்தப் புத்தகம் முடிகிற தறுவாயில்தான் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. பங்குனி மாதம். முதலில் தோட்டத்து டிஸ்பென்சரி மருந்து, பிறகு வேப்பிலை, பிறகு பெரிய ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றே பெரியம்மா கோயிலுக்கு ஓடினாள். பிள்ளை பிழைத்தால் வைகாசித் திருவிழாவில் தான் தீ மிதிப்பதாகவும் மூத்தவள் பால்குடம் எடுப்பாள் என்றும் வேண்டிக்கொண்டாள். தலைவர் பூ வைத்துக் கேட்டுவிடலாம் என்றார். உங்களுக்குத் தெரியும், இரண்டு வாழையிலைப் பொட்டலம், ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் நல்ல வாக்கு. கன்னிப்பிள்ளை எடுக்கட்டும் என்று அக்காவைத்தான் முன்னால் தள்ளினார்கள். எடுத்தாள். பிரித்தார்கள். வெள்ளை.

புள்ளை பிழைத்துவிடும் என்று தலைவர் சத்தமாகச் சொன்னார். பெரியம்மா அக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து தம்பியை ஒரு வெள்ளைச் சீலையில் சுற்றிக் கொண்டுவந்தார்கள்.

அதற்குப் பிறகு லயத்தில் எல்லோரும் பெரியம்மாவைத்தான் தேற்றினார்கள். பெரியப்பாவைக்கூட யாரோ கூட்டிப்போய்க் கள்ளுத் தவறணையில் உட்காரவைத்தார்கள். அக்காவை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் பாட்டுக்குப் பீலிக்கும் அடுப்புக்கும் நடந்தாள். இடுப்பை ஒரு பக்கமாக வளைத்தே நடந்தாள், சுமந்த பழக்கம். நேராக நட என்று என் அம்மா அதட்டினாள். எவ்வளவு புத்தி பாருங்கள்.

சில நாள் கழித்து அவளே என்னைக் கூப்பிட்டு, மூன்றாவது புத்தகத்தை வாங்கி வா என்றாள். வாங்கி வந்தேன். எனக்கு அதில் என்ன இருக்கிறதென்று தெரியாது. தெரிந்திருந்தால் தொட்டிருக்கமாட்டேன். மூன்று பிள்ளைகளில் சிறியவன் மேல்நோக்கி ஓடும் ஆற்றில் விழுந்துவிடுகிறான். விளக்குச்சாமி கரையில் உட்கார்ந்து, பையன் வருவானா என்று கேட்கிறார். இத்தனை நாள் அசையாத சுடர் அன்று இடப்பக்கம் சாய்கிறது. ஆம் என்கிறது. அவர் காத்திருக்கிறார். பையன் வரவில்லை. விடிந்ததும் சுடரை இரண்டு விரலால் நசுக்கி அணைத்து, விளக்கை ஒரு பாறைமேல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார். புத்தகம் அவ்வளவுதான்.

நடுவில் நான் நிறுத்தினேன். அக்கா, படி என்றாள். முடித்ததும், அந்தச் சுடர் சாய்கிற பக்கத்தை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். எழுந்துபோய் அடுப்பை ஊதினாள். புகைதான் வந்தது, அவள் விடாமல் ஊதிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் திருவிழாவுக்கு மஞ்சள் சீலை எடுப்பது பற்றிப் பேச்சு வந்தபோது, தான் பால்குடம் எடுக்கப்போவதில்லை என்று அக்கா சொன்னாள். வேண்டுதல் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். பிள்ளை பிழைத்தால் என்றுதானே? பிழைக்கவில்லையே. கணக்குக்கு அவள் சொன்னது சரி. அதோடு விட்டிருக்கலாம். ஏன்டி இப்படிப் பேசுற என்று பெரியம்மா அழுதபோது, விளக்குச்சாமியே விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார், நான் மட்டும் எதற்குக் குடம் தூக்கவேண்டும் என்றும் கேட்டுவிட்டாள். போதாதா? யார் அந்த விளக்குச்சாமி என்று பக்கத்துக் காம்பரா கேட்டது, அடுத்த லயம் கேட்டது, சாயங்காலத்துக்குள் தலைவர் காதுக்குப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் கூட்டம். அக்காவை நடுவில் நிறுத்தியிருந்தார்கள். தலைவர் அவள் கையிலிருந்து பிடுங்கிய மூன்றாவது புத்தகத்தை, செத்த எலியைப் பிடிக்கிற மாதிரி இரண்டு விரலால் பிடித்திருந்தார். ஒரு வரி வாசிக்கவில்லை. படத்தை மட்டும் பார்த்தார். "இது பாதிரிமாரு அடிச்சுக் குடுக்குற புத்தகம். நெத்தியில திருநீறு இருக்கான்னு பாருங்க" என்றார். படத்தில் விளக்குச்சாமியின் தலைமுடி நெற்றியை மறைத்திருந்தது. அதற்கு அவர் என்ன செய்வார்? அந்த வழியாக வந்த வேதக்கோயில் உபதேசியாரை நிறுத்திக் கேட்டார்கள். அவர் புத்தகத்தைப் புரட்டக்கூட இல்லை. விளக்கைக் கும்பிடுகிற கதை எங்கள் ஆட்களுடையதாக இருக்காது என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார். நம் மாஸ்டரும் நின்றிருந்தார். ஆறு மேலே ஓடும் என்று படிக்கிற பிள்ளைக்குக் கணக்கு எப்படி வரும் என்று கவலைப்பட்டார்.

கையைத் தூக்கினேன், வகுப்பில் தூக்குகிற மாதிரி. "கதை இன்னும் முடியலைங்க. நாலாவது புத்தகம் இருக்குங்க" என்றேன்.

"ஒன்னுக்கே இந்தப் பாடு. இதுல நாலாவது வேறயா" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். என் அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

இதைத்தான் நான் சொல்லவருகிறேன். அன்று அங்கே நின்ற பெரியவர்கள் அத்தனைபேரும் பூ எடுத்த நாளிலும் நின்றவர்கள். வெள்ளைப் பூ வந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். அந்தப் பூவை எடுத்த கை யாருடையது என்று ஒருவர்கூட யோசிக்கவில்லை. புத்தகம்தான் பிள்ளையைக் கெடுத்தது என்று முடித்துவிட்டார்கள். கையில் பிடிக்க வாகாக இருந்தது புத்தகம்தானே.

தலைவரை இப்போது நினைத்தால் கோபத்தோடு கொஞ்சம் இரக்கமும் வருகிறது. அந்த மாதம் லயத்தில் வேறு சில பிள்ளைகளுக்கும் காய்ச்சல். அவர் வீட்டிலேயே ஒரு பேரப்பிள்ளை சுருண்டு கிடந்தது. அம்மாளுக்குச் சொன்ன வாக்கு தவறினால் காய்ச்சலாக எல்லார் வீட்டிலும் இறங்கிவிடுவாள் என்று அவர் நடுங்கியிருக்கிறார். சின்னப்பிள்ளைச் சாவுக்குத் தீட்டு சில நாள்தான், வேண்டுதலை நிறுத்த முடியாது என்று அவரே தீர்ப்புச் சொன்னதும் அதனால்தான். பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அக்காவே புரிந்துகொண்டிருப்பாள். அவர் அதட்டத்தான் செய்தார்.

பிடுங்கிய புத்தகம் என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? கோயில் சாமான் அறையில் கிடந்தது. திருவிழாவன்று விபூதி மடித்துக் கொடுக்கக் கடதாசி போதவில்லை என்று யாரோ அதைக் கிழித்துவிட்டார்கள். எனக்குக் கிடைத்த பொட்டலத்தில் பேசும் ஆட்டின் கொம்பு இருந்தது. பாதிரிமார் புத்தகம் என்று சொன்ன அதே கையால்தான் தலைவர் அதை எடுத்து நீட்டினார்.

அவர் திருவிழாவுக்கு முன்பே டவுனுக்குப் போய் நானாவின் கடையிலும் சத்தம் போட்டுவிட்டு வந்திருந்தார். எங்களுக்கு அது தெரியாது. அக்காவும் நானும் சாமான் வாங்குகிற சாக்கில் கடைக்குப் போனோம். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். ஆற்றில் போன அந்தச் சின்னப் பையன் நான்காம் புத்தகத்தில் திரும்பி வருகிறானா இல்லையா?

நானா எங்களைக் கண்டதும் தராசைப் பார்த்தார். "புத்தகம் தரமாட்டேன் மகள். உங்கட தலைவர் வந்து ஏசிட்டுப் போனாரு. நான் யாவாரம் செய்றவன், எனக்கு எல்லாரும் வேணும்" என்றார். அக்கா இடத்தைவிட்டு நகரவில்லை. பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "வெளிய கொண்டுபோகத்தான் குடுக்கமாட்டேன்னு சொன்னேன். உள்ளுக்கு உக்காந்து வாசிச்சா நான் பாக்கல்ல."

மாவு மூட்டைக்கும் கருவாட்டு மூட்டைக்கும் நடுவில் உட்கார்ந்தோம். வெளியே மழை கொட்டத் தொடங்கியிருந்தது. தகரத்தில் விழுகிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மெதுவாக வாசித்தேன். கொஞ்ச நேரத்தில் நானா தராசுப் பக்கமிருந்து, "சத்தமா வாசி மகள், இங்கால வெளங்கல்ல" என்றார். அவருக்கும் கதை வேண்டியிருந்தது. சாமான் வாங்க வந்த ஓர் ஆள் என்ன சத்தம் என்று கேட்டதற்கு, பிள்ளைகள் மழைக்கு ஒதுங்கியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்.

நான்காம் புத்தகத்தில் விளக்குச்சாமிக்கு விளக்கு இல்லை, பூசை இல்லை. தாடி வளர்ந்து, குளிக்காமல், எதிர்ப்படுகிறவர்களிடம் எல்லாம் எரிந்து விழுந்துகொண்டு நடக்கிறார். ஆனாலும் ஊரார் விடுவதில்லை. சாமி, ஆசீர்வாதம் பண்ணுங்க என்று காலில் விழுகிறார்கள். அவர் தலையில் அடித்துக்கொள்கிறார். காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்த்து, உனக்கும் எனக்கும் பேச்சில்லை என்கிறார். மத்தியானம் அதையே சொல்கிறார். ஏன் பேச்சில்லை என்று சாயங்காலம் வரைக்கும் காரணம் அடுக்குகிறார். பொய்ச் சாட்சி சொன்னவன் நீ என்கிறார். உன் சுடரை நம்பி நான் கரையில் உட்கார்ந்திருந்தேன், இல்லையென்றால் ஆற்றில் குதித்திருப்பேன் என்கிறார்.

அந்த இடத்தில் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "பேச்சில்லன்னு சொல்றதுக்கே நாளெல்லாம் பேசுறாரேடி" என்றாள். தொடர்ந்து படித்தேன்.

கடைசியில் ஒரு கணவாய் வருகிறது. மூடுபனி. பின்னால் வந்த ஜனங்கள் வழி தெரியாமல் கூப்பாடு போடுகிறார்கள். விளக்கு இருந்தால் காட்டலாம். இவரிடம் குரல்தான் இருக்கிறது. அவர் முன்னால் நடந்துகொண்டே வழக்கம்போலக் கடவுளைத் திட்டுகிறார், தொண்டை கிழிய. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் ஒருவர் பின் ஒருவராகப் பள்ளத்தில் விழாமல் வந்து சேர்கிறார்கள். தொடரும் என்று போட்டுப் புத்தகம் முடிந்துவிட்டது.

"சின்னவன்?" என்று அக்கா கேட்டாள்.

நான் பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அடுத்த புத்தகத்தில் வருவான் என்று சொல்லலாமா என்று வாயெடுத்தேன். அவள் புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கி, கடைசிப் பக்கத்தை விரல் வைத்து, எழுத்துக் கூட்டித் தானே படித்தாள். முடித்துவிட்டு, "வரமாட்டான். விளக்குச்சாமியும் அவன் வருவான்னு எங்கயும் சொல்லல" என்றாள். பிறகு மாவு மூட்டைமேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். தம்பி போன பிறகு அவள் அழுததை நான் அன்றுதான் பார்த்தேன். நானா எங்கள் பக்கம் வரவில்லை. வெற்றுத் தராசில் படிக்கல்லை வைப்பதும் எடுப்பதுமாக நின்றார். நாங்கள் கிளம்பும்போது அக்காவின் முகத்தில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துக்கொள்ளச் சொல்லித் தன் தோள் துண்டை நீட்டினார்.

ஐந்தாவது புத்தகம் அந்தக் கடைக்கு வரவேயில்லை. பாறைமேல் வைத்த விளக்கு என்ன ஆனதென்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், தயவுசெய்து கைகூப்பும் படத்தை விட்டுவிட்டு அதைச் சொல்லுங்கள். அக்கா இப்போது டிக்கோயாப் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறாள். நேற்று இந்தச் செய்தியைப் பற்றித் தொலைபேசியில் சொன்னேன். இன்னுமா இவர்களுக்குப் புத்தி வரவில்லை என்று கேட்டாள்.

அந்த வருடத் திருவிழாவுக்கு முந்தின வாரம் ஒரு காலை. பெரியம்மாவுக்கு அன்று வேலை இல்லை. வாசலில் ஒரு பாத்திரத்தில் மஞ்சளைக் கரைத்து, தீ மிதிக்கக் கட்டும் சீலையை முக்கிக்கொண்டிருந்தாள். நான் அடுப்புக்கு நெருப்பு வாங்கப் போயிருந்தேன். அக்கா வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இருவரும் பல நாளாகச் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

திடீரென்று அக்கா சொன்னாள். "எனக்கு ஆத்தா மேல கோவம்மா. அதான் எடுக்கமாட்டேங்கிறேன். புத்தகம் இல்ல."

அடிதான் விழப்போகிறது என்று நான் நினைத்தேன். பெரியம்மா சீலையைப் பிழிந்தாள். மஞ்சள் தண்ணீர் முழங்கைவரை வழிந்தது. "எனக்கு மட்டும் இல்லையாடி?" என்றாள். "நான் எதுக்குத் தீ மிதிக்கப் போறேன்னு நெனச்ச? அவகிட்ட நேருக்கு நேரா போயி நின்னு கேக்கணும். சும்மா போனா அவ பாக்கமாட்டா. நெருப்புல போனாத்தான் பாப்பா."

அக்கா கீரையை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். பெரியம்மா இன்னும் சொன்னாள், குரல் இறங்கிப்போயிருந்தது. "உன்னைய பூ எடுக்கச் சொல்லிருக்கக் கூடாது. அது என் தப்பு. உன் கையில ஒன்னுமில்லடி."

நாங்கள் எல்லோரும் பெரியம்மாவைப் பக்திப் பழம் என்று நினைத்திருந்தோம். பிள்ளை போன பிறகும் வேண்டுதலை விடாதவள் என்று லயமே புகழ்ந்தது. ஒரு குடும்பத்துக்குள் ஒரே கோபத்தை இரண்டுபேர் ஆளுக்கொரு மூலையில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நடுவில் ஊரெல்லாம் கூடி ஒரு கதைப்புத்தகத்தோடு சண்டை போட்டிருக்கிறது.

அக்கா பால்குடம் எடுத்தாள். ஆற்றங்கரையிலிருந்து கோயில்வரை ஏற்றம், மழை பெய்து வழுக்குகிற பாதை. நான் வேப்பிலைக் கொத்தோடு பக்கத்தில் நடந்தேன். தப்படிக்கிற சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. அவள் உதடு ஓயவேயில்லை. "வெள்ளைப் பூவ ஏன் என் கையில குடுத்த? உனக்குத் தெரியாட்டி தெரியாதுன்னு சொல்லிருக்கலாம்ல? நான் அவன எறக்கி விட்டதே இல்ல, உனக்குத் தெரியுமா தெரியாதா?" ஏற்றம் முழுக்க இதே கேள்விகள்தான். குடம் ஒரு சொட்டுத் தளும்பவில்லை. இடுப்பு நேராக இருந்தது.

தலைவர் அவள் உதடு அசைவதைப் பார்த்துவிட்டார். பூரித்துப்போனார். ஒலிபெருக்கியைக் கையில் வாங்கி, பொல்லாத புத்தகத்தால் மதிமயங்கிய பிள்ளை இன்று அம்மாளின் நாமத்தை இடைவிடாமல் சொல்லிக்கொண்டு வருகிறது, எல்லோரும் பாருங்கள் என்று அறிவித்தார். ஜனங்கள் குலவை போட்டார்கள். எனக்கு அந்த ஒலிபெருக்கியைப் பிடுங்கி ஆற்றில் போடவேண்டும் போலிருந்தது. அக்கா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவளுக்கு அப்போது வேறு ஆளோடு பேச்சு.

பெரியம்மா தீக்குழியில் இறங்கியதும் நடந்தாள். மற்றவர்கள் ஓடினார்கள், அவள் கொழுந்து மலையில் போகிற மாதிரி நிதானமாக, கண்ணைச் சன்னிதியிலிருந்து எடுக்காமல் நடந்தாள். அந்தப் பக்கம் ஏறி, நேராக அம்மாள் முன்னால் போய் நின்றாள். அக்காவும் அவள் பக்கத்தில் போய் நின்றாள். என்ன கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நெடுநேரம் நின்றார்கள்.

பிறகு அர்ச்சனை. பூசாரி தட்டை வாங்கிக்கொண்டு, யார் பெயருக்கு என்று கேட்டார். பெரியம்மா வாய் திறக்கும் முன் அக்கா தம்பியின் பெயரைச் சொன்னாள். அவனைப் புதைத்த நாளிலிருந்து அந்தப் பெயரை எங்கள் லயத்தில் ஒருவரும் சொன்னதில்லை. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பூசாரி அதட்டவில்லை. "அந்தப் பேருக்குச் செய்ற வழக்கம் இல்ல ஆயி. இருக்கிறவங்க பேரு ஏதாச்சும் சொல்லு" என்றார்.

அக்கா அதே பெயரைத் திரும்பவும் சொன்னாள்.

தலைவர் ஒலிபெருக்கியோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பெரியம்மா அவர் பக்கம் திரும்பினாள். பாதத்தில் சாம்பலும் மஞ்சள் தண்ணீரும் சேர்ந்து சேறாக ஒட்டியிருந்தது. "அவ சொன்ன பேருக்கே செய்யச் சொல்லுங்க" என்றாள். கெஞ்சுகிற குரல் இல்லை.

பூசாரி தலைவரைப் பார்த்தார். தலைவர் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். ஒலிபெருக்கியைக் கீழே இறக்கினார்.

பூசாரி குங்குமத்தைக் கையில் அள்ளிக்கொண்டு, நட்சத்திரம் என்ன என்று கேட்டார்.

"அஸ்தம்" என்றாள் பெரியம்மா.